இரைச்சலா, தாளமா?



நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், பாட்டு, பரதம், பட்டிமன்றம் எல்லாம் முடிந்தபின், பதினான்கு வயதுப் பையன் ஒருவன் டிரம்ஸ் வாசித்தது பலருக்கும் நினைவிருக்கும். ஐந்து நிமிடம்தான் வாசித்தான். மூன்றாவது நிமிடத்திலேயே முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர், "என்ன சார் இது, மாடிப்படியில் தகர டப்பாவை உருட்டிவிட்ட மாதிரி! இதில் தாளம் எங்கே இருக்கிறது?" என்றார். நான் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும், "உங்களுக்குமா?" என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். புளியோதரைப் பொட்டலத்தோடு நின்றிருந்த மலர்க் குழுவினர் காதில் இது விழுந்துவிட்டது. "அப்படியானால் நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் சங்கீதம் படித்தவன் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து, 1981-ல் தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக, அதாவது பி.டபிள்யூ.ஐ.யாகச் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கரக்பூர் பக்கத்திலேயே ஓட்டியவன். என் காதுக்குத் தாளம் கற்றுத் தந்தது தண்டவாளம்தான். அந்த நாளில் பதின்மூன்று மீட்டர் நீளத் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் வைத்து இணைத்திருப்போம். ஒவ்வொரு இணைப்பையும் சக்கரம் கடக்கும்போது ஒரு தடக். நாற்பத்தேழு விநாடியில் எத்தனை இணைப்பு கடந்தது என்று எண்ணினால், அதுவே வண்டியின் வேகம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இப்படி எண்ணி எண்ணியே எனக்குத் தூக்கத்தில்கூடக் காலம் தப்பாது. இப்போது நீளமாக வெல்டிங் செய்த தண்டவாளம் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே தெரியாது.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்திய மெயில் டிரைவர் இருந்தார். காலனியில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். இளமையில் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களில் டிரம்ஸ் வாசித்தவர். டியூட்டி இல்லாத மாலைகளில் இசைத்தட்டுகளைப் போடுவார். தனியாளாக இருந்த நான் சாப்பாட்டுக்காகப் போய் உட்கார ஆரம்பித்து, பாட்டுக்காகத் தங்கிவிட்டேன். "பாடுகிறவனை விட்டுவிடு. அவன் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் வலது காலைக் கேள்" என்பார். அதுதான் என் முதல் பாடம்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டிரம் செட் என்பது பார்க்க ஒரு பாத்திரக்கடை மாதிரி இருந்தாலும் வேலைப் பங்கீடு எளிமையானது. தரையில் நிற்கும் பெரிய பேஸ் டிரம்மை வலது கால் மிதியால் அடிக்கிறது. முழங்காலுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர், அடியில் கம்பிச் சரம் கட்டியிருப்பதால் 'சட்' என்று வெடிக்கும். அது பெரும்பாலும் இடது கைக்கு. ஹை-ஹாட் என்பது நம் ஜால்ராவை ஒரு கம்பியில் கவிழ்த்து மாட்டியது போல. இடது கால் அதைத் திறந்து மூட, வலது கை குச்சியால் தட்டிக்கொண்டே காலத்தைக் காக்கும். மற்ற டாம்களும் சிம்பல்களும் நடுநடுவே வந்து போகிறவை. ஆக, நான்கு கை கால்களும் நான்கு வேலை செய்ய வேண்டும்.

தாளம் எங்கே என்றால், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். நமக்குப் பழக்கம் முதல் அடியில், சமத்தில், அழுத்தம் கொடுப்பது. ராக் இசையில் ஸ்நேரின் வெடி இரண்டிலும் நான்கிலும் விழும். இதை 'பேக்பீட்' என்பார்கள். நம் பெரியவர்களுக்கு இரைச்சலாகப் படுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாமல், எதிர்பாராத இடத்தில் விழுகிறது. மீதிப் பாதிக் காரணம், நம் விழாவுக்கு வந்த மைக் செட்காரர்.

முதலில் சொல்ல வேண்டியவர் லெட் ஜெப்பலின் குழுவின் ஜான் போனம். 1948-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை தச்சர், கட்டட வேலைக்காரர். மகனும் சிறிது காலம் அவரோடு வேலை பார்த்தவர். 1969 ஜனவரியில் வெளிவந்த முதல் இசைத்தட்டின் முதல் பாட்டிலேயே அவர் காலின் வேகத்தைக் கேட்டுவிட்டு, இரண்டு பேஸ் டிரம் வைத்திருக்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. இருந்தது ஒன்றுதான், அடித்தது ஒரு கால்தான்.

ஆனால் நான் கேட்கச் சொல்வது அந்த வேகத்தை அல்ல. 1971-ல் வந்த நான்காவது இசைத்தட்டின் கடைசிப் பாட்டு, 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1927-ல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி, கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்ற கறுப்பினத் தம்பதியர் 1929-ல் பதிவு செய்த பாட்டு அது. லெவி என்றால் ஆற்றங்கரை அணை. மழைக்காலத்தில் இரவெல்லாம் விளக்கோடு ரயில் கரையைக் காத்தவனுக்கு அந்தப் பயம் தெரியும். தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், சத்தம் போடாது, கரைமண் இளகுவது மட்டும் காலுக்குத் தெரியும்.

இந்தப் பாட்டின் டிரம்ஸைப் பதிவு செய்த விதம் ஓர் இன்ஜினீயருக்கு விருந்து. ஹெட்லி கிரேஞ்ச் என்பது 1795-ல் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்ட மூன்று மாடிக் கல் கட்டடம். அதில் கீழ்த்தள முன்கூடத்தில், மாடிப்படிகள் சுற்றி ஏறும் இடத்தின் அடியில் டிரம் செட்டை வைத்தார்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் மைக் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டிலிருந்து இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். டிரம்மின் ஒலியோடு அந்தக் கட்டடத்தின் ஒலியும் சேர்ந்து பதிவாயிற்று. அதோடு ஓர் எதிரொலிக் கருவியையும் இணைத்தார்கள். பின்னர் நாடாவின் வேகத்தையும் குறைத்ததால் ஒலி இன்னும் கனத்தது.

கேட்டால் தெரியும், போனம் அதில் அதிகம் வாசிப்பதே இல்லை. காலால் இரட்டை இடி, கையால் ஒரு வெடி, பிறகு இடைவெளி. அந்த இடைவெளியைக் கூடத்தின் எதிரொலி வந்து நிரப்புகிறது. அது வந்து சேரக் காத்திருந்து அடுத்த அடியை வைக்கிறார். ஏழு நிமிடம் இதே. கரையை முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரின் கனம் அந்தக் காலில் இருக்கிறது. முதல்முறை கேட்டபோது நான் எழுந்து போய் அங்கிளின் ஸ்பீக்கர் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

அவருடைய இன்னொரு வாசிப்பு நம் மிருதங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு. 1975-ல் வந்த 'காஷ்மீர்'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மொரோக்கோ நாட்டின் தென்பகுதியில் பாலைவனச் சாலையில் போனபோது எழுந்த பாட்டு அது. அதில் கிடாரின் வாத்திய வரி மூன்று மூன்றாக நடக்கிறது. போனமின் டிரம் நான்கு நான்காக நடக்கிறது. பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கும். திஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே தெருவில் வெவ்வேறு நடையில் போய், மூலையில் கைகுலுக்குவது மாதிரி. போட்டிக்குப் போகாமல் அவர் தன் நான்கைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கிறார், அவ்வளவுதான். 1980 செப்டம்பரில், முப்பத்திரண்டு வயதில், குடி அவரைக் கொண்டுபோயிற்று. வேறு டிரம்மரைத் தேடாமல், அந்த டிசம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள்.

அடுத்தவர் நம்மவர்! பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பள்ளியை விட்டதும் பார்த்த முதல் வேலை பிரிட்டிஷ் ரயில்வேயில் தூது கொண்டுபோகும் பையன். சில வாரங்களில் மருத்துவப் பரிசோதனையில் தோற்று வெளியே வந்தார். ஏ-ஒன், பி-ஒன் என்று மெடிக்கலுக்கு நடுங்கிய நம் ரயில்வே குடும்பங்களுக்கு இதில் அவர்மேல் தனிப் பாசம் வர வேண்டும். சிறுவயதில் காசநோய்க்கு ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் கிடந்தபோதுதான், நோயாளிப் பிள்ளைகளுக்கான வாத்தியக் குழுவில் அவர் டிரம் அடிக்க ஆரம்பித்தது. பிற்காலத்தில், 1984-ல், தாமஸ் என்ற ரயில் இன்ஜின் கதைகளைத் தொலைக்காட்சியில் சொன்ன குரலும் அவருடையதே. ரயில்வே அவரை விட்டது, அவர் ரயில்வேயை விடவில்லை.

ரிங்கோவுக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்வது ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்தது. அப்படிச் சொல்பவர்களுக்கு 1966-ல் வந்த 'ரெயின்' என்ற பாட்டைப் போட்டுக் காட்டினால் போதும். தன் வாசிப்பில் தமக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இயல்பில் இடதுகைக்காரர், செட்டோ வலதுகைக்காரருக்கு அமைந்தது. அதனால் டாம்களை உருட்டி வரும்போது, மற்றவர்கள் தொடங்கும் கையில் அவர் தொடங்குவதில்லை. மேடை ஏறும்போது தவறான காலை எடுத்து வைத்தாலும் சரியான படியில் வந்து நிற்பவர் போல், ஒரு சின்னத் தடுமாற்றமும் ஓர் அழகான சேர்கையும் இருக்கும். தனி ஆவர்த்தனம் அவருக்குப் பிடிக்காது. பீட்டில்ஸ் பாட்டுகளில் அவர் வாசித்த ஒரே தனி, 1969-ல் வந்த 'தி எண்ட்'-ல். அதுவும் இருபது விநாடிக்குள் முடிந்துவிடும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸும் ரயில்வே குடும்பம்தான். தந்தை லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் லாரி டிரைவர். பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் ஒன்றின் கழுத்தைக் கழற்றிவிட்டு, மீதியை ஸ்நேராக்கி அடித்துப் பழகியவர். அவர் வாசிப்பதைப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். ஸ்நேரை அடிக்கும் கணத்தில் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து எடுத்துவிடுவார். இரண்டும் சேர்ந்து ஒலிக்காததால் அந்த ஒற்றை வெடிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 1969-ல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டின் தொடக்கத்தில் மாட்டுமணியைத் தட்டுவது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அதன்மேல் வாட்ஸ் வந்து சேர்கிறார். இருவரில் ஒருவர் தப்பான இடத்தில் நுழைந்துவிட்டோம் என்று வாட்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். திருத்தாமல் விட்டார்கள், அந்தத் தப்புதான் இன்று உலகத்துக்கே தெரிந்த தொடக்கம். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே குழுவில், கோட்டு சூட்டோடு, முகத்தில் ஓர் உணர்ச்சியும் காட்டாமல் வாசித்தவர், 2021 ஆகஸ்டில் எண்பதாவது வயதில் மறைந்தார்.

கீத் மூன், ஜிஞ்சர் பேக்கர் இருவரையும் விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்கலாம். பெரியவர்கள்தான். ஆனால் மூனின் வாசிப்பைக் கேட்டால் எனக்குப் பிரேக் இல்லாத டிராலியில் உட்கார்ந்தது போல் இருக்கும். பேக்கரின் நீண்ட தனியின் நடுவில் நான் காபி போட எழுந்துவிடுவேன். ருசி பேதம்.

கனடாவின் ரஷ் குழுவில் வாசித்த நீல் பியர்ட் வேறு வகை. போனமுக்கு நேர் எதிர், எல்லாமே கணக்கு. 1981-ல் வந்த 'ஒய் ஒய் இஸட்' என்ற பாடல் வரிகள் இல்லாத இசையின் தொடக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? டொராண்டோ விமான நிலையத்தின் அடையாள எழுத்துகள் ஒய், ஒய், இஸட். விமானங்களுக்கு அது தந்தி மொழியில், மோர்ஸ் முறையில், ஒலித்துக்கொண்டே இருக்கும். விமானத்தில் ஊர் திரும்பும்போது அதைக் கேட்ட குழுவினர் அப்படியே தாளமாக்கிவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்கள் தந்தி அறையிலும் இதே சத்தம்தான். வங்காளிகள் 'டொரே-டொக்கா' என்பார்கள்.

நம் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கோட்டை நெடில் என்றும் புள்ளியைக் குறில் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒய் என்பது நெடில், குறில், நெடில், நெடில், மாத்திரை ஏழு. இன்னொரு ஒய், இன்னொரு ஏழு. இஸட் என்பது நெடில், நெடில், குறில், குறில், மாத்திரை ஆறு. ஆக மொத்தம் இருபது. நான்கு மாத்திரைக்கு ஓர் எண்ணிக்கை என்றால் ஐந்து எண்ணிக்கை. நம் கண்டக் கணக்கு. தந்தி விதிப்படி கோடு புள்ளியைப்போல் மூன்று மடங்கு நீளம். ரஷ் குழுவினர் இரண்டு மடங்கு வைத்தார்கள். தொல்காப்பியர் கட்சி!

பியர்டிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று. நாற்பது வயதைத் தாண்டி, உலகமே குருவென்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஃப்ரெடி குரூபர் என்ற வயதான ஜாஸ் ஆசிரியரிடம் போய், குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி பாடம் கேட்டார். 2020 ஜனவரியில் காலமானார்.

கடைசியாக டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன். சாதனையாளர் வரிசையில் அவரைப் பலர் வைக்க மாட்டார்கள். நான் வைக்கிறேன், காரணத்தோடு.

1984 டிசம்பர் 31 அன்று, ஷெஃபீல்டு அருகே கார் விபத்தில் ஆலனின் இடது கை துண்டாயிற்று. மருத்துவர்கள் ஒட்டவைத்தும் புண் புரையோடி எடுக்க வேண்டியதாயிற்று. வயது இருபத்தொன்று. கட்டிலில் கிடந்தபடியே, கால்மாட்டில் காலால் தட்டிப் பார்த்தபோதுதான், இடது கை வாசித்ததை இடது காலுக்கு மாற்றலாம் என்று தோன்றியது. ஒரு நண்பர் மிதிகளை வடிவமைக்க உதவினார். சிம்மன்ஸ் கம்பெனி மின்னணு டிரம் செட் செய்து கொடுத்தது. இடது காலடியில் வரிசையாக மிதிகள். ஒன்றை மிதித்தால் ஸ்நேர், இன்னொன்றில் டாம். குழுவினர் வேறு ஆளைத் தேடவில்லை. 1986-ல் அயர்லாந்தில் நடந்த முன்னோட்ட நிகழ்ச்சிகளில், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு டிரம்மரும் கூடவே வாசித்தார். ஒருநாள் அவர் வந்து சேரத் தாமதமாக, ஆலன் தனியாக வாசித்தார். அதன்பின் துணை தேவைப்படவில்லை. அந்த ஆகஸ்டில் டோனிங்டன் பெருவிழாவில் மேடையேறினார். 1987-ல் வந்த 'ஹிஸ்டீரியா' இசைத்தட்டின் டிரம் ஒலிகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் கோத்தவை. எனவே அதை வைத்து நான் அவரை மதிப்பிடவில்லை. மேடையில் பார்க்க வேண்டும். 1988-ல் டென்வர் நகரில் வட்ட மேடையில் நடந்த நிகழ்ச்சியின் வீடியோ கேசட்டை 1990-ல் அங்கிள் வீட்டில் பார்த்தேன்.

பார்த்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் செக்‌ஷனில் ஒரு சந்தாலி கேங்மேன். மாலையில் கேங் குடிசை வாசலில் மாதோல் வாசிப்பான். நம் மிருதங்கம் போல இருமுகம், மண்ணால் செய்த உடல். அவன் வாசித்தால் பத்துப் பேரும் களைப்பை மறந்து எழுந்து நிற்பார்கள். 1987-ல் வேகனிலிருந்து தண்டவாளம் இறக்கும்போது ஒன்று சறுக்கி, அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. ஐந்து மாதம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அவனுக்கு ஆபீஸில் பியூன் வேலை வாங்கிக் கொடுத்தேன். கடமையை முடித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் மாதோலைப் பற்றி ஒரு வார்த்தை அவனிடம் கேட்கவில்லை. வீடியோ பார்த்த மறுநாள் ஒற்றைக் கையில் ஃபைலோடு வந்து நின்றான். சொல்லலாமா என்று நினைத்து, புண்ணைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

2015-ல் அவன் ஓய்வு பெற்ற நாளில், மாலையும் ரசகுல்லாவும் முடிந்தபின், அவன் மகன் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மாதோலை மச்சானிடம் கொடுத்துவிட்டானாம். அப்போதுதான் ரிக் ஆலன் கதையை அவனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த மிதியெல்லாம் அவனுக்கு யார் சாஹேப் செய்து கொடுத்தது?"

"அவனுடைய சிநேகிதன் ஒருவன்" என்றேன். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைக்கும் ஃபிட்டர்கள் இருந்த பட்டறை எங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம்.

அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது இசைத்தட்டுகளை என்னிடம் விட்டுச் சென்றார். இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவை அதில் உண்டு, பிளேயரும் ஓடுகிறது. கேட்க விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் வரலாம். அந்த நேரத்தில் என் மனைவி கோயிலுக்குப் போயிருப்பாள். பொங்கலன்று வாசித்த பையனையும் அவன் பெற்றோர் அனுப்பிவைத்தால் மகிழ்வேன். வரும்போது குச்சிகளை எடுத்து வரட்டும்.